பித்தளைச் சீமாட்டியின் நாய்க்குட்டி

இலண்டனில் என் சொற்பொழிவு முடிந்த நான்காம் நாள், வியாழக்கிழமை முற்பகலில், என் தங்கை என்னை இறந்தோர்மேல் நடக்கவைத்தாள்.

குற்றத்தில் பாதி என்னுடையது. கோயில் என்ற சொல் காதில் விழுந்ததும் காலணியைக் கழற்றுவது எனக்கு எழுபத்தாறு ஆண்டுப் பழக்கம். அந்தச் சிற்றூர்த் தேவாலயத்தின் முகமண்டபத்தில் சப்பாத்துகளைச் சோடியாக அடுக்கிவிட்டுக் காலுறையோடு உள்ளே புகுந்தேன். பத்தடி சென்ற பின்னரே தளக்கற்களில் எழுத்து இருப்பதைக் கண்டேன். எழுத்தைக் கண்டால் குனிவது வாழ்நாள் முழுதும் கல்வெட்டுப் படித்தவனின் நோய். குனிந்து படித்தபோது, ஒவ்வொரு கல்லும் ஒரு மனிதரின் மூடி என்பது விளங்கிற்று. சுடலைக்குச் சென்று வந்தால் தலைமுழுகாமல் வாசற்படி ஏறாத குடியில் பிறந்தவன் நான். ஒற்றைக்காலில் நின்றேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை" என்றாள் தங்கை. "மிதிக்க வேணும் எண்டு ஆசைப்பட்டுத்தான் அவை இதுக்குள்ள படுத்தவை. போற வாற ஆக்கள் தங்களுக்காக ஒருக்கால் கும்பிடுவினம் எண்ட நம்பிக்கை. மற்றக் காலையும் கீழ வையுங்கோ, விழப்போறியள்."

என் தங்கையின் பெயர் யோகாம்பிகை, வீட்டில் யோகம். போர்க்காலத்தில் கணவரோடு அகதியாக இலண்டன் வந்தவள். மருத்துவமனையொன்றின் சலவைப் பகுதியில் இரவும் பகலும் மாறிமாறி உழைத்து ஓய்வு பெற்றாள். கணவர் மறைந்துவிட்டார், மக்கள் இருவரும் வேறு நகரங்களில். நகரின் கிழக்கே குட்மேய்ஸில் ஒரு சிறிய வீட்டில் தனியே வாழ்கிறாள். நான் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழாவில் உரையாற்ற அழைக்கப்பட்டு வந்து அவளுடன் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படும்போது உறவினர் சிலர் என்னிடம் வேறொரு பணியையும் ஒப்படைத்திருந்தனர். யோகம் சனிக்கிழமைதோறும் தேவாலயம் போகிறாளாம். மதம் மாறிவிட்டாளா என்று பார்த்துவர வேண்டுமாம்.

நடந்தது வேறு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் பேருந்துக்குக் காத்துநின்றவள் அந்தத் தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருக்கிறாள். அதன் காப்பாளரான மார்கரெட் அம்மையார் அவளிடம் ஒரு கையில் தேநீரையும் மறு கையில் தூசித்துணியையும் கொடுத்திருக்கிறார். ஆங்கிலேயர் நட்புக்கொள்ளும் முறை இதுவென்று யோகம் சொல்கிறாள். அன்றுமுதல் சனிக்கிழமைகளில் அங்கே துப்புரவுத் தொண்டு. இப்பொழுது அவளை வழிகாட்டியாக உயர்த்த இருந்தார்கள். வருகின்ற சனிக்கிழமை அவள் கையில் தேவாலயத்தின் திறவுகோல், அவள் பேச்சில் 'திறப்பு', ஒப்படைக்கப்படும். அண்ணன் பார்க்க வேண்டும் என்று மூன்று நாள்களாக அதே பேச்சு.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். கூரையில் வேய்ந்த ஈயத்தைத் திருடர் உரித்துச் செல்கின்றனராம். எங்கும் எழுதிவிட வேண்டாம் என்று மார்கரெட் கேட்டுக்கொண்டார். இலண்டன் தன் கிழக்கு விளிம்பில் வயல்களை முற்றிலும் விழுங்காமல் விட்ட இடம் அது என்பது போதும்.

யோகம் ஒத்திகைக்காக எனக்கு அந்தக் கோயிலைக் காட்டினாள். சுவர்கள் சிக்கிமுக்கி என்னும் தீக்கல்லால் ஆனவை. கறுப்பும் வெள்ளையுமாக உடைந்த கற்களைச் சுண்ணச் சாந்தில் பதித்திருக்கிறார்கள். தெற்கு வாசலின் அரைவட்ட வளைவில் கோணல்மாணலாகப் பல்வரிசைச் செதுக்கல். வாசலுக்கு நேர் எதிரே, வடசுவரில், ஆற்றைக் கடக்கும் தூயர் ஒருவரின் பேருருவம், தோளில் குழந்தை, கணுக்காலைச் சுற்றி மீன்கள். காலையில் இந்தத் தூயரின் முகத்தைக் கண்டவர்க்கு அன்று திடீர்ச் சாவு இல்லை என்பது அக்கால நம்பிக்கையாம். ஆகவேதான் வாசலுக்கு எதிரே தீட்டினார்கள். வேலைக்குப் போகும் உழவன் கதவைத் தள்ளி எட்டிப்பார்த்துவிட்டு ஓடலாம். பிள்ளையார் முன் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டுப் பேருந்து பிடிக்க ஓடுகின்ற நம்மவரை நினைத்துக்கொண்டேன்.

சமயச் சீர்திருத்தம் வந்தபோது அந்த ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். பல தலைமுறை கழித்துச் சுரண்டி மீட்டபோது குழந்தையின் முகம் சுண்ணாம்போடு போயிற்று. கூரை விட்டங்களில் மரத் தேவதூதர்கள். இறக்கைகள் இருந்தன, முகங்கள் வெட்டப்பட்டிருந்தன. குடமுழுக்கு என்ற பெயரால் பழைய ஓவியங்களுக்கு வெள்ளையடித்த அறங்காவலரை நான் அறிவேன்; போர்த்துக்கேயர் இடித்த எங்கள் கோயில்களின் கற்களை யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரில் தடவிப் பார்த்தவன். ஆதலால் அங்கே அந்நியனாக உணரவில்லை. தங்கை அத்தனையையும் தடுமாறாமல், தாளைப் பாராமல் சொன்னாள். ஆண்டுக்கணக்கில் படுக்கை விரிப்பு வெளுத்தவள் சொன்ன கட்டடக்கலை வரலாற்றில், நான் தேடியும் பிழை கிடைக்கவில்லை. தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக அவள் காட்டியது பித்தளைச் சீமாட்டி. ஒரு முழ உயரப் பித்தளைத் தகட்டில் செதுக்கிய பெண். கூப்பிய கை, மடிப்பு மடிப்பாக விழும் பாவாடை, காலடியில் கழுத்துமணி கட்டிய சின்னஞ்சிறு நாய். ஓக்கு மரப் பலகையில் கீல் வைத்துச் சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். கதவைப் போலத் திறந்தால் தகட்டின் பின்புறம் தெரியும். பின்புறத்தில் வேறொருவர்: இன்னும் பழைய ஒரு குருவானவரின் பாதி முகமும் ஒரு கையும். துறவு மடங்கள் கலைக்கப்பட்டபோது கல்லறைத் தகடுகளைப் பெயர்த்து விற்றார்களாம்; வாங்கியவர்கள் திருப்பிப்போட்டு மறுபுறத்தில் புதிய ஆளைச் செதுக்கினார்களாம். நடுகல்லைத் துணி துவைக்கப் போட்ட ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட இது மரியாதை.

தகடு முழுவதும் கருமை படர்ந்திருந்தது. நாய்க்குட்டி மட்டும் பொன்போல் மின்னிற்று.

"பள்ளிப் பிள்ளைகள் தடவித் தடவி வந்த மினுக்கம்" என்று அருகே வந்த மார்கரெட் விளக்கினார். என்னைவிடச் சற்று இளையவர், நெடிய உருவம், யோகத்தை அவர் 'யோகா' என்றே அழைக்கிறார், அவளும் பொறுத்துக்கொள்கிறாள். சனிக்கிழமை செப்பனிடும் வல்லுநர் ஒருவர் வந்து பார்ப்பாராம். அதன்பின் கண்ணாடிப் பேழை ஒன்று செய்து மூடிவிடலாம். பிள்ளைகளையும் இனி இந்தப் பக்கம் விடவேண்டாம் என்றார். அதுவரை ஆறுபோல் ஓடிய என் தங்கையின் பேச்சு நின்றுபோயிற்று. என் கால் குளிரில் விறைத்திருந்ததால் நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை யோகத்துக்கு விரதம். நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குத் தொடர்வண்டியில் சென்றோம். வண்டி பாதிவழியில், காரணம் கூறாமல், இருபது நிமிடம் நின்றது. நம் நாடாயின் அதற்குள் ஒரு கட்சி தோன்றி இரண்டாகப் பிளந்திருக்கும். இங்கே ஒருவரும் தலைநிமிரவில்லை. எதிரே இருந்த ஒரு சிறுமி மட்டும் ஆங்கிலத்திலேயே பொரிந்துகொண்டிருந்தாள். இடையிடையே 'மாமி' என்ற ஒரு சொல் தமிழாக வந்து விழுந்தது.

பூசை முடிந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் இட்டார்கள். அத்தகைய தேங்காய்ப்பால் விட்ட கத்தரிக்காய்க் குழம்பை நான் நல்லூரிலும் அண்மையில் உண்டதில்லை. யோகம் உண்ணவில்லை. சந்நிதியில் துலக்கி வைத்த குத்துவிளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வண்டியில் அருகருகே இருக்கை கிடைத்ததும் சொன்னாள்.

"அண்ணை, அந்த நாய்க்குட்டி பிள்ளையள் தடவி மினுங்கேல்லை. நான் புளி போட்டு மினுக்கினனான்."

தொண்டுக்குச் சேர்ந்த புதிதில், பலிபீடத்து மெழுகுதிரித் தண்டுகளை அவளிடம் துலக்கக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து பழப்புளியும் சாம்பலும் கொண்டுபோய் நம் முறைப்படி தேய்த்திருக்கிறாள். அந்த ஒளியைக் கண்டு ஊரே வியந்திருக்கிறது. கையில் புளி மிஞ்சிற்று. சீமாட்டி கறுத்துப்போய் நின்றாள். இவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. காலடியில் தொடங்கினாள். நாய்க்குட்டி முடிந்ததும் ஏதோ உறுத்த, நிறுத்திவிட்டாள். பழைய பித்தளையின் கருமைதான் அதன் தோல், அதை ஒருபோதும் துலக்கலாகாது என்பதை வழிகாட்டிப் பயிற்சியில்தான் அறிந்திருக்கிறாள். அதற்குள் பிள்ளைகள் கதை வேரூன்றிவிட்டது.

குத்துவிளக்கு துலக்குவதைப் பக்தியாகக் கருதும் குலத்தில் பிறந்தவரன்றி வேறெவரும் செய்திருக்க முடியாத பிழை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அச்சமும் வந்தது.

நாளை வல்லுநரின் முன்னிலையில் சொல்லிவிட வேண்டுமா என்று கேட்டாள். சொன்னால் திறவுகோல் போய்விடும். ஒருவேளை அந்த வாசலே அடைபடும். நான் அண்ணன் என்ற முறையில் நிதானமாக அறிவுரை கூறினேன். கேளாத வினாவுக்கு விடை கூறுதல் அறிவுடைமை ஆகாது. தீய நோக்கம் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை. காலம் அந்த மினுக்கத்தைத் தானே கறுப்பாக்கும். இவற்றை இதைவிட நல்ல சொற்களிலேயே சொன்னேன்.

அவள் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "கல்வெட்டில ஒரு எழுத்தை மாத்தி வாசிச்ச அந்த வாத்தியாரை நீங்கள் எத்தினை வருஷம் ஏசினனீங்கள்?"

பதினோர் ஆண்டு. நான் பயணச்சீட்டைத் தேடத் தொடங்கினேன்.

சனிக்கிழமை காலை பேருந்து எங்களை நடுவழியில் இறக்கிவிட்டது. இந்த வண்டி இத்துடன் முடிகிறது என்று ஒரு பெண்குரல் இனிமையாக அறிவித்தது. அனைவரும் நன்றி கூறி இறங்கினர். நின்ற இடத்தில் ஒரு வெள்ளைச் சரக்கூர்தி வந்து ஒதுங்கிற்று. ஓட்டிவந்தவர் சிவா, யோகத்தின் தெருவில் குழாய் வேலை செய்பவர். செர்மனியில் நீண்டகாலம் இருந்துவிட்டு இங்கே குடிபெயர்ந்தவர்.

"சேர்ச்சுக்கோ அக்கா? ஏறுங்கோ, இறக்கிவிடுறன்." நாங்கள் ஏறியதும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார். "ஐயா, அக்கா மாறீட்டா எண்டு சனம் கதைக்குது. நீங்கள்தான் விசாரிக்க வந்தனீங்களாம்?"

"நேற்று விரதம், இண்டைக்குச் சேர்ச்" என்றாள் யோகம். "கடவுள்மார் ரெண்டுபேரும் ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் பிரச்சினை. ரோட்டைப் பாத்து ஓடும்."

தேவாலயத்தில் வெள்ளரித் துண்டு வைத்த ரொட்டியும் எலுமிச்சைக் கேக்கும் ஆயத்தமாக இருந்தன. கேக்கில் முட்டை என்றார்கள். நான் ரொட்டியோடு நின்றேன். மேசைமேல் ஒரு சாண் நீளத் திறவுகோல் கிடந்தது. அதன் வளையத்தில் மார்கரெட் புதிய நீல நாடா ஒன்றைக் கட்டியிருந்தார். யோகம் அதைப் பார்த்தாள். பிறகு தேநீர் ஊற்றப் போனாள்.

வல்லுநரின் பெயர் டேவிட். நாற்பது அகவை இருக்கும். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, உருப்பெருக்கியால் நாய்க்குட்டியை நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பிள்ளைகளின் விரல் மேட்டைத் தேய்க்கும், பள்ளத்தை விட்டுவிடும் என்றார். இங்கே செதுக்கிய பள்ளமும் மின்னுகிறது. யாரோ புளிப்புள்ள பொருளால் துலக்கியிருக்கிறார்கள்.

மார்கரெட்டின் முகம் சிவந்தது. தம் ஆட்களில் எவரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்றார். கூரை வேலைக்கு வந்தவர்கள் மூன்று வாரம் உள்ளேயே தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எதையும் கைவைக்காமல் விடாதவன். திங்கட்கிழமையே அந்த முதலாளிக்கு எழுதிவிடுவதாகக் கூறினார். நான் தங்கையைப் பார்த்தேன். ஒரு கணம், என் நேற்றைய அறிவுரை வெல்ல வேண்டும் என்றே விரும்பினேன். அந்தக் கூரைக்காரனை நான் அறியேன். நீல நாடாவைக் கண்டிருந்தேன்.

யோகம் தேநீர்க் கெண்டியை மேசையில் வைத்தாள். அவளுடைய ஆங்கிலத்தில் இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒரே வீட்டில் குடியிருக்கும். ஆயினும் சொல்லவந்தது தவறாமல் போய்ச் சேரும். தமிழில் தருகிறேன்.

"கூரைக்காரர்கள் இல்லை. நான் செய்தேன். புளி, கொஞ்சம் சாம்பல். மூன்று ஆண்டுக்கு முன்."

எவ்வளவு நேரம் என்று டேவிட் கேட்டார். பத்து நிமிடம் என்றாள். எதனால் நிறுத்தினீர்கள் என்றார்.

"எழும்பி நின்று பார்த்தேன். சீமாட்டிக்கு வயது இருக்கிறது. நாய்க்கு வயது இல்லை. கை பிழை செய்துவிட்டது என்று தெரிந்தது."

டேவிட் சிரிக்கவில்லை, மெதுவாகத் தலையசைத்துக் குறிப்பேட்டில் எழுதினார். போன கருமை நம் வாழ்நாளில் திரும்பாது. ஆனால் கோடுகள் தேயவில்லை. விட்டுவிடுங்கள், கண்ணாடிப் பேழையும் வேண்டாம் என்றார். அறிக்கையில் 'ஒரு தொண்டர்' என்று மட்டும் குறிப்பதாகவும் சொன்னார்.

"பெயரை எழுதுங்கள்" என்றாள் யோகம். "இங்கே ஒன்பது தொண்டர்கள் இருக்கிறோம். மற்ற எட்டுப் பேரையும் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்."

அவர் எழுதினார்.

மார்கரெட் யோகத்தின் பக்கம் திரும்பினார். "மூன்று ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளைக் கடிந்துகொண்டிருக்கிறேன், யோகா" என்றார்.

"தெரியும். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அதுதான் பெரிய வெட்கம்."

மார்கரெட் திறவுகோலை எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டார். பை மூடிய ஓசை அந்தக் கற்கூடத்தில் தெளிவாகக் கேட்டது. பின்னர் டேவிட்டை மணிக்கூண்டுப் பக்கம் அழைத்துச் சென்றுவிட்டார்.

நாங்கள் இருவரும் கழுவாத கிண்ணங்களோடு நின்றோம். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துச் சொற்களைத் தொடுக்கும்முன், சேற்றுச் சப்பாத்துகளோடு நடைப்பயணிகள் ஆறேழு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். சுற்றிக்காட்ட யாரேனும் உண்டா என்று கேட்டார்கள்.

யோகம் என் பக்கம் திரும்பினாள். "சொல்லவோ அண்ணை? திறப்புத்தானே இல்லை. வாய் இருக்கு."

"சொல்லு" என்றேன்.

நான் கடைசி வரிசைக்கு ஒன்று முன்னே அமர்ந்து கேட்டேன். வியாழக்கிழமை கேட்டதைவிட நன்றாகச் சொன்னாள். ஆறு கடக்கும் தூயரைச் சொன்னாள். சுண்ணாம்பு பூசியதைச் சொன்னாள். முகமிழந்த தேவதூதரைச் சொன்னாள். பெயர்த்து விற்ற தகட்டைத் திறந்து பின்னால் ஒளிந்திருந்த குருவானவரைக் காட்டினாள். மூடிவிட்டு, நாய்க்குட்டிமேல் படாமல் விரலை நீட்டினாள்.

"இது மட்டும் ஏன் மினுங்குகிறது என்று கேட்பீர்கள். இது நான் செய்த பிழை. எங்கள் ஊரில் பித்தளையைப் புளியால் துலக்குவோம். இங்கே துலக்கக் கூடாது. எனக்கு அப்போது தெரியாது. என் பெயர் யோகாம்பிகை."

நடைப்பயணிகளில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. வெள்ளையடித்தவன், முகம் வெட்டியவன், தகட்டைத் திருப்பியவன் என எத்தனையோ கைகள் அந்தக் கோயிலில் பட்டிருக்கின்றன. ஒருவன் பெயரும் நமக்குத் தெரியாது. தான் செய்த தீங்கின் அருகில் நின்று தன் பெயரைச் சொன்னவள் அங்கே என் உடன்பிறப்பு ஒருத்திதான். பேசாதிரு என்று அவளுக்கு நான் பாடம் சொல்லியிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது, எனக்குப் பின்வரிசையில் மார்கரெட் அமர்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று அறியேன். பயணிகள் வெளியேறும்வரை காத்திருந்து எழுந்தார். அறிவிப்புப் பலகையில் இருந்த துலக்குவோர் பட்டியலில் யோகத்தின் பெயரை எழுதுகோலால் ஒரே கோட்டில் அடித்தார். பிறகு அவளிடம் வந்தார்.

"நாய்க் கதையைச் சற்று உரக்கச் சொல்ல வேண்டும். பின்வரிசைக்குக் கேட்கவில்லை" என்றார். கைப்பையைத் திறந்து, நீல நாடாவோடு திறவுகோலை அவள் கையில் வைத்தார். "நான்கு மணிக்குப் பூட்டுங்கள். கதவைச் சற்று உயர்த்தித் தள்ள வேண்டும்."

யோகம் கதவின் அருகே போய், பூட்டு எப்படித் திரும்புகிறது என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். இனி வீட்டில் எந்த ஆணியில் அதை மாட்டுவது என்றும் யோசித்திருப்பாள். அவள் முகம் அப்படி இருந்தது.

வாசல் மேசையில் வருகையாளர் ஏடு ஒன்று திறந்து கிடந்தது. பெயர், ஊர், கருத்து என்று மூன்று பத்திகள். இத்தகைய ஏடுகளில் என் பட்டங்களையும் வகித்த பதவியையும் எழுதி, கட்டடம் பற்றி இரண்டு வரி ஆய்வுக் குறிப்பும் சேர்ப்பது என் வழக்கம். எழுதுகோலை எடுத்தேன். பெயர் என்ற பத்தியில், அங்கே எவரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும், தமிழில் எழுதினேன்:

யோகாம்பிகையின் தமையன்.